மேட்டுப்பாளையம் – கோத்தகிரி சைக்கிளில்: வழக்கமாக வரும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்குப் போகும். இன்னொன்று குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு. இரண்டிலும் பல வருடமாகச் சைக்கிளில் ஏறி இறங்குகிறேன். புதிதாக மலையேற வருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான். ஏறுவதைப் பற்றிப் பத்துக் கேள்வி வரும், இறங்குவதைப் பற்றி ஒன்று வந்தால் அதிகம். அதனால் யாரும் கேட்காத சிலவற்றையும் நானே சேர்த்திருக்கிறேன்.

முதல் தடவை ஏறப் போகிறேன். குன்னூர் சாலையா, கோத்தகிரி சாலையா?

கோத்தகிரி. யோசிக்கவே வேண்டாம்.

இரண்டுமே ஏறக்குறைய 33 கிலோமீட்டர். குன்னூர் சாலை தேசிய நெடுஞ்சாலை என்பதால் ஊட்டிக்குப் போகிற பஸ், லாரி, சுற்றுலா வேன் எல்லாம் அதில்தான். 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் 3/14, 4/14 என்று பலகை. எண்ணிக்கொண்டே ஏறுவதில் ஒரு சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் முதல் கியரில் உறுமிக்கொண்டே வரும்போது அந்தச் சுகம் போய்விடும். கோத்தகிரி சாலையில் நெரிசல் குறைவு, நிழல் அதிகம். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே போய் முகாம் போட்டதும் கோத்தகிரிப் பக்கம்தான். அந்த மனிதர் காரணம் இல்லாமல் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்.

ஒரு விஷயம் ஞாபகம் வையுங்கள். கோடை சீசனில் கூட்டம் தாங்காமல் போலீஸ் ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். அந்த நாட்களில் கோத்தகிரி சாலை முழுவதும் மேலிருந்து கீழே வரும் வண்டிகளாக இருக்கும். மே மாதத்தை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்?

நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், டீ, போட்டோ எல்லாம் சேர்த்து. நன்றாகப் பழகியவர்கள் இரண்டரையில் முடிப்பார்கள். நான் முதல் தடவை போனபோது ஐந்தரை மணி நேரம் ஆயிற்று, அதில் ஒரு மணி நேரம் ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800. ஆக, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சராசரி சாய்வு 100 மீட்டருக்கு நாலரை மீட்டர். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் சராசரி என்பது ஏமாற்று வேலை. முதல் சில கிலோமீட்டர் கிட்டத்தட்டச் சமதளம். அதில் மிச்சமானதை மலை மேலே வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 80 கிலோ என்றால், அந்தப் பாரத்தை 1,500 மீட்டர் தூக்க மட்டும் உடம்பு சுமார் 1,200 கலோரி செலவழிக்கும். நாம் தின்பதில் கால் பங்குதான் மிதிக்குப் போகிறது, மீதி சூடாகி வேர்வையாகப் போய்விடுகிறது. 1,200 கலோரி என்றால் இருபது இட்லிக்கு மேல். காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு “போதும், மேலே போய்ப் பார்த்துக்கலாம்” என்று கிளம்புகிறவர்கள் குஞ்சப்பனை தாண்டியதும் ஏன் வாடிப்போகிறார்கள் என்பதற்கு விடை இதுதான்.

என்னிடம் இருக்கிற சைக்கிளில் ஏற முடியுமா?

பாதிப் பேர் காலைக் குறை சொல்வார்கள், குறை கியரில் இருக்கும்.

செங்குத்தான இடத்தில் புதியவரின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் இருந்தாலே நல்லது. முன் வட்டில் 34 பல், பின் வட்டுகளில் பெரியதிலும் 34 பல் என்றால் மிதி ஒரு சுற்று சுற்றும்போது சக்கரமும் ஒரு சுற்று. 8 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 63 தடவை மிதிக்க வேண்டும், முழங்கால் தாங்கும். பின்னால் பெரிய பல் 28 ஆக இருந்தால் அதே வேகத்தில் 52 தடவை. பழைய ரேஸ் சைக்கிள்களில் வரும் 39க்கு 25 என்றால் வெறும் 41. அப்போது ஒவ்வொரு மிதியும் ஒரு மாடிப்படி. பத்து நிமிடம் தாங்கலாம், மூன்று மணி நேரம் தாங்க முடியாது. மறுநாள் முழங்கால் பேசும்.

அதனால் லட்ச ரூபாய் ரேஸ் சைக்கிளை விட, முன்னால் 48, 38, 28 என்று மூன்று வட்டு உள்ள சாதாரண ஹைபிரிட் இந்த மலைக்கு நல்லது. அதன் சின்ன வட்டில் போட்டுவிட்டு, பேசிக்கொண்டே ஏறலாம். ரேஸ் சைக்கிள்தான் வேண்டும் என்றால் பின் கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்வட்டு அடுக்கை மட்டும் 11–34 (சின்னதில் 11 பல், பெரியதில் 34) ஆக மாற்றச் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய பல்லை, செயினை நகர்த்துகிற உங்கள் பின் கியர் தாங்குமா என்று முதலில் கடையில் கேளுங்கள், எல்லாம் தாங்காது. கியரே இல்லாத சைக்கிளில் இங்கே ஏறுவது தள்ளுவதற்குச் சமம். தள்ளியே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

கேசட் மாற்றினால் உடனே மலைக்கு வந்துவிடாதீர்கள். ஒரு தடவை நான் மாற்றிக்கொண்டு மறுநாளே வந்தேன். கடையில் சைக்கிளைத் தொங்கவிட்டுச் சுற்றிக் காட்டினார்கள், எல்லாக் கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஏற்றத்தில் முதல் செங்குத்தில் பெரிய பல்லுக்கு மாற்றினேன். கடக் என்று ஒரு சத்தம். செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்கும் கேசட்டுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. நின்ற இடத்திலேயே சாய்ந்தேன். பின் கியர் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்று தடுக்கிற சின்னத் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். பாரம் இல்லாமல் சுற்றும்போது அது தெரியாது. அதனால் ஊரில் ஏதாவது ஒரு மேட்டில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே எல்லாக் கியரையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

டயர் அகலம் 25 மில்லிமீட்டரை விட 28 நல்லது. காற்றைக் கல் மாதிரி அடிக்க வேண்டாம்.

நான் சென்னை. மலையே இல்லாத ஊரில் எப்படிப் பயிற்சி எடுப்பது?

எதிர்காற்றுதான் சென்னையின் மலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியம் கடல்காற்று எழும்பியதும் அதை எதிர்த்து ஒரு மணி நேரம் நிற்காமல் மிதியுங்கள். ஏற்றத்தில் காலுக்கு ஓய்வு கிடையாது, மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். அந்த ஓய்வில்லாத மிதிக்குத்தான் பழக வேண்டும். மேம்பாலம் ஏறி இறங்குவது ஒரு நிமிட விஷயம், அதனால் பெரிய பயன் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஏலகிரிக்கு ஒரு நாள் போய்வாருங்கள். 14 வளைவு, அளவான ஏற்றம், முதல் மலைக்கு அதை விடப் பொருத்தமானது இல்லை. வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வளைவில் நமக்கு ஒரு மிடறு மூச்சுகூடக் கிடைப்பதில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

கொண்டை ஊசி வளைவில் எப்படி ஏறுவது?

நாம் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகவே இடது பக்கம் திரும்புகிற வளைவில் உள்வட்டம் நமக்கு. அங்கேதான் சாலை சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். வலது பக்கம் திரும்புகிற வளைவில் வெளிவட்டம், தூரம் கூட, சாய்வு குறைவு, அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடது வளைவு வருவதற்கு இருபது மீட்டர் முன்பே லேசான கியருக்கு மாற்றிவிடுங்கள். வளைவுக்குள் போய் மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும். செங்குத்தைத் தவிர்க்க நடுச்சாலைக்கு ஒதுங்காதீர்கள், மேலிருந்து என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

பஸ் விஷயம் தனி. பின்னால் ஏறி வருகிற பஸ் இடது வளைவில் முதலில் வலப்பக்கம் அகலமாகப் போகும், அப்புறம் திரும்பும். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்ளே வாங்கும். “பஸ் ஒதுங்கிவிட்டது, இடம் இருக்கிறது” என்று அந்த இடைவெளியில் நுழைந்தால் நசுங்கிப் போவோம். வளைவுக்கு முன்பே பஸ் சத்தம் கேட்டால் ஓரமாக நின்று அதைப் போகவிடுங்கள். எதிரே இறங்குகிற பஸ்ஸும் வளைவில் திரும்ப உங்கள் பாதிச் சாலையை எடுத்துக்கொள்ளும். குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. சைக்கிள்காரர் அதை நம்பிப் போவது வேறு கதை.

சாப்பாடு, தண்ணீர்?

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. “கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கலாம்” என்ற நினைப்பு இங்கே செல்லாது. சாலையோரத்தில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், காசு போட்டால் உங்கள் பாத்திரத்தில் பிடிக்கலாம். ஆனால் எல்லா நேரமும் எல்லாம் வேலை செய்யும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். சைக்கிளில் இரண்டு பெரிய பாட்டிலும் மேட்டுப்பாளையத்திலேயே நிரம்பியிருக்கட்டும். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை.

தின்பதற்கு வாழைப்பழமும் கடலைமிட்டாயும் போதும். பந்தயக்காரர்கள் உறிஞ்சுகிற இறக்குமதி சர்க்கரை ஜெல் எல்லாம் உங்கள் இஷ்டம். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, பசிக்கிறதோ இல்லையோ, ஏதாவது வாயில் போடுங்கள். பசி தெரிகிற நேரத்தில் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். மேலே போனதும் வர்க்கியும் டீயும். அதற்காகத்தானே ஏறுகிறோம்.

நடுவில் இறங்கித் தள்ளினால் கேவலமா?

இல்லை. தலை சுற்றினால், வேர்வை நின்றுபோய் உடம்பு சில்லிட்டால், தள்ளவும் வேண்டாம், நிழலில் உட்காருங்கள். 1967இல் பிரான்சின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில் டாம் சிம்ப்சன் என்ற உலக சாம்பியன் வென்டூ மலையில் கொளுத்தும் வெயிலில் ஏறும்போது விழுந்து இறந்துபோனார். வெயில், உடம்பு வற்றியது, உள்ளே போயிருந்த ஊக்க மருந்து எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

இறங்குவதில் என்ன இருக்கிறது? மிதிக்கக்கூட வேண்டாமே?

இதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை, பதிலாகவே சொல்வார்கள். எனக்குத் தெரிந்து இந்த மலையில் எலும்பை முறித்துக்கொண்டவர்கள் எல்லாரும் இறங்கும்போதுதான் முறித்துக்கொண்டார்கள்.

ஏறும்போது 80 கிலோவை 1,500 மீட்டர் தூக்கினீர்கள் அல்லவா, அந்தச் சக்தி முழுவதும் இறங்கும்போது எங்காவது போக வேண்டும். கொஞ்சம் காற்று எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் உங்கள் பிரேக்கில் சூடாகிறது. முழுவதும் பிரேக்கிலேயே போவதாக வைத்துக்கொண்டால் அது மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. கட்டை வைத்த பிரேக் என்றால் அந்தச் சூட்டை வாங்குவது ரிம். ரிம்முக்கு உள்ளே இருப்பது டியூப். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே பத்து கிலோமீட்டர் இறங்கினால் ரிம் தோசைக்கல் ஆகும், டியூப் வெடிக்கும். வெடித்தது முன்சக்கரம் என்றால் சொல்லவே வேண்டாம். கார்பன் ரிம் என்றால் ரிம்மே உருக்குலையலாம். டிஸ்க் பிரேக்கில் டியூப் பயம் இல்லை, ஆனால் வட்டும் கட்டையும் சூடேறிப் பிடிமானம் குறையும். நிறுத்தியதும் வட்டைத் தொட்டுப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். நேர்ச்சாலையில் பிரேக்கை விடுங்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தை நன்றாகக் குறையுங்கள். வளைவுக்குள் போனதும் விடுங்கள். வளைந்த ஹேண்டில்பார் என்றால் கை கீழ்ப்பிடியில் இருக்கட்டும், பிரேக்குக்கு விரல் எட்டும், உடம்பின் பாரமும் தாழ்வாக இருக்கும். வெளிப்பக்கக் கால் கீழே, அதில் பாரம். கண் போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவோம். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று ரிம்மின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் ஆறவிட்டுப் போங்கள்.

மழையில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. கட்டை பிரேக் முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அந்த இரண்டு வினாடியில் சைக்கிள் கொஞ்சமும் குறையாமல் போய்க்கொண்டே இருக்கும். நடுச்சாலையின் வெள்ளைக்கோடு, உதிர்ந்த இலை, லாரி சிந்திய டீசல் எல்லாம் ஈரத்தில் சோப்பு.

அப்புறம் குளிர். மேலே கீழே விட ஒன்பது பத்து டிகிரி குறைவு. வேர்த்த சட்டையோடு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் விரல் மரத்துப்போய் பிரேக்கை உணராது. கோத்தகிரியில் டீக்கடையில் பழைய தினசரி ஒன்று கேட்டு வாங்கி, இரண்டு தாளைச் சட்டைக்குள் நெஞ்சில் விரித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் மலைகளில் பந்தயக்காரர்கள் காலங்காலமாகச் செய்தது இதைத்தான். கீழே வந்ததும் எடுத்தால் தாள் நனைந்து, தலைப்புச் செய்தி தலைகீழாக மார்பில் அச்சாகியிருக்கும்.

ஹெல்மெட் பற்றித் தனிக் கேள்வி வேண்டாம். 1995இல் டூர் டி பிரான்ஸில் ஃபாபியோ காசார்த்தெல்லி, ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், மலை இறக்கத்தில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார், ஹெல்மெட் போடவில்லை. பந்தயங்களில் அதைக் கட்டாயமாக்க 2003 வரை ஆயிற்று. நாம் அவ்வளவு நாள் யோசிக்க வேண்டியதில்லை.

யானை வருமா?

வரும். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழம் பழுக்கிற நாட்களில் கட்டாயம் வரும். விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் அந்தப் பக்கம் சைக்கிளில் போகாதீர்கள். எதிரே வருகிற வண்டிக்காரர் கையை ஆட்டி ஏதாவது சொன்னால் நின்று கேளுங்கள். யானை நிற்பதைப் பார்த்தால் திரும்பி, அடுத்த பஸ்ஸோ லாரியோ வரும் வரை தூரத்தில் காத்திருங்கள். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, மிருகத்துக்கு நாம் வருவது தெரியாது என்பதுதான் பிரச்சினை. கோத்தகிரியை ஒட்டித் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை மேயும். பார்க்கச் சாதுவாக இருக்கும், நம்பி அருகே போகக் கூடாது.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. நீலகிரியின் கிழக்குச் சரிவான இந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலைகள் துண்டாயின. அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை மழை எச்சரிக்கை இருந்தால் வரவே வேண்டாம்.

இ-பாஸ் வேண்டுமா?

நீலகிரிக்குள் வர இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து உள்ள அந்த ஏற்பாடு வெளியூர் மோட்டார் வண்டிகளுக்கானது. சைக்கிளுக்குப் பதிவு எண்ணே கிடையாது. உங்கள் பின்னால் துணைக்குக் கார் வந்தால் அதற்கு எடுக்க வேண்டும்.

கோத்தகிரி ஏறிவிட்டேன். அடுத்து?

ஆழியாறிலிருந்து வால்பாறை, 40 வளைவு. நாமக்கல் பக்கம் கொல்லிமலை, 70 வளைவு, ஒன்று முடிந்து நிமிர்வதற்குள் அடுத்தது. எனக்குப் பிடித்தது கொல்லிமலைதான், வளைவு எண்ணுவதில் எனக்குள்ள பைத்தியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறுகிற கல்லட்டி, 36 வளைவு, இவை எல்லாவற்றையும் விடக் கடுமை. 2008இல் தொடங்கி நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ சைக்கிள் பயணத்தில் பேர்போன ஏற்றம் அதுதான். காட்டு வழி என்பதால் அங்கே தனியாகப் போக வேண்டாம், ஏற்பாடான குழுவோடு போங்கள்.

வெளிநாட்டு மலைகளோடு ஒப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு: பிரான்சின் ஆல்ப் துவெஸ் 13.8 கி.மீ., சராசரி சாய்வு 8.1 சதவீதம், 21 வளைவு. அங்கே பலகை 21இல் தொடங்கி 1 வரை குறைந்துகொண்டே வரும். நம் ஊர்ப் பலகை ஏறிக்கொண்டே போகும். எது மனசுக்கு நல்லது என்று சைக்கிள்காரர்கள் டீக்கடையில் ஒரு மணி நேரம் சண்டை போடலாம். மொத்த உயரத்தில் கோத்தகிரி அதை விட 400 மீட்டர் கூடுதல், ஆனால் தூரமும் இரண்டு மடங்குக்கு மேல்.

ஏறிவிட்டேன், இறங்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

நல்ல பயம். பஸ்ஸில் கண்டக்டர் மனசு வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கோத்தகிரியிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். டிரைவரிடம் “அண்ணா, சைக்கிளோட ஒரு ஆளு” என்று கேட்டுப் பாருங்கள். கேரட் மூட்டை மேல் சைக்கிளைப் படுக்க வைத்து, கேசட் பக்கம் மேலே இருக்கும்படி கயிறு கட்டச் சொல்லுங்கள், கியர் வளையாது. நான் ஒரு தடவை அப்படி வந்தேன். இறங்கும்போது காசு வாங்க மறுத்துவிட்டார், இரண்டு கேரட்டும் கொடுத்தார்.